மகவேற்பு: தத்துக்கும் வளர்ப்புக்கும் நடுவே

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து அம்மம்மா ஒருவர், பேத்தியின் பாடசாலைப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். தாய் குவைத்தில் வீட்டு வேலை, தகப்பன் இல்லை. ‘பாதுகாவலர்’ என்ற இடத்தில் என் பேனா நின்றதும், “தத்துப் புள்ளதானே, அப்படியே எழுது மனே” என்றார்.

அவர் அந்தப் பிள்ளையை வளர்க்கிறார். தத்து எடுக்கவில்லை.

‘தத்து’ வடமொழி ‘தத்த’ என்பதிலிருந்து வந்தது, பொருள், கொடுக்கப்பட்டது. தானமும் அதே வேர்தான். ஆக, கொடுத்தவர் பக்கம் நின்று பேசும் சொல் அது. ‘சுவீகாரம்’ வாங்கியவர் பக்கத்துச் சொல்: தனதாக்கிக்கொள்வது. தத்தித் தத்தி நடக்கும் குழந்தையின் ‘தத்து’ வேறு. அது நம்முடைய பழைய வினைச்சொல், இதற்கு உறவில்லை. தம்பி தங்கையைச் சீண்ட “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது” என்போமே, அந்தக் கேலிக்குப் பின்னாலும் பிள்ளையைப் பேருக்குக் கைமாற்றும் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது.

இலங்கைச் சட்டத் தமிழ் இரண்டையும் விட்டுவிட்டு ‘மகவேற்பு’ என்கிறது. மகவு + ஏற்பு. தொல்காப்பிய மரபியல் எண்ணும் ஒன்பது இளமைப் பெயர்களில் மகவும் ஒன்று. எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். கொடுத்தது, எடுத்தது என்று பிள்ளையைப் பொருளாக்காமல், ஏற்றுக்கொண்டதைச் சொல்கிறது. ஆனால் சந்தையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், “என்னது?” என்பார்கள்.

ஏற்பு என்றால் வீட்டில் ஏற்றுக்கொண்டால் போதாது. 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். பொதுவாக, கேட்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். பிள்ளை 10 வயதைத் தாண்டியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். கட்டளை கிடைத்தபின் சட்டத்தின் கண்ணில் அது ஏற்றவருக்கே பிறந்த பிள்ளை மாதிரி.

சட்டப்படி பாதுகாவலர் ஆவது வேறு. ‘கார்டியன்’ என்று சொல்லியே பழகிவிட்டோம். அதுவும் காவலாளியைச் சொல்லும் ‘கார்ட்’ என்பதும் ஒரே வேர், நம் ‘காவல்’ போலத்தான். இங்கே பெற்றோர் பெற்றோராகவே இருப்பார்கள், பெயர் மாறாது. 18 வயதோடு பொறுப்பு முடியும். கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களில் பலருக்கு இதுவே ஒத்துவரும். அநாதையை வளர்ப்பது பெரிய நன்மை, ஆனால் பெற்ற தகப்பனின் பெயரை மாற்றக் கூடாது என்பது மார்க்கத்தின் நிலை.

இதோடு சேர்ந்து வரும் ‘கட்டுக்காவல்’ என்ற சொல்தான் எனக்கு ஒட்டவில்லை. பிள்ளை யாருடைய பொறுப்பில் இருப்பது என்பதைத்தான் சொல்கிறது, காதுக்குப் பொலிஸ் கூண்டு மாதிரிக் கேட்கிறது.

சரி, படிவம். பாடசாலை கேட்கும் பாதுகாவலர், நீதிமன்றம் நியமிக்கும் பாதுகாவலர் அல்ல. பிள்ளைக்கு ஒன்றென்றால் யாரைக் கூப்பிடுவது என்றுதான் கேட்கிறார்கள். அம்மம்மாவின் பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் ‘தாயின் தாய்’ என்று போட்டேன். வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

“அதானே நான்” என்றார்.