அம்மா இருக்கும் வீடு: பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

வயதான அம்மா கடைசிக் காலத்தில் எங்கே இருப்பது என்ற பேச்சு வந்தாலே நம் வீடுகளில் இரண்டு யோசனைதான் வரும். ஒன்று மகன் வீடு, இல்லாவிட்டால் முதியோர் இல்லம். இப்போது இருக்கிற வீட்டிலேயே கடைசிவரை இருந்துவிடுவதும் ஒரு வழி, அதற்குச் சட்டத்தில் நல்ல பிடிமானமும் இருக்கிறது. ஆனால் அது தெரிய வருவதற்குள் பெரும்பாலும் ஏதோ ஒரு பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து வேலை முடிந்திருக்கும். அதனால் முதலில் பத்திரங்களைப் பற்றிப் பேசிவிட்டு, முதியோர் இல்லத்துக்கு அப்புறம் வருகிறேன்.

வீடு கணவர் சம்பாதித்து வாங்கியது, அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அப்புறம் கணவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவர், எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குச் சம பங்கு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும்தான் என்றால் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுடையது. கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. இஸ்லாமியச் சட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. இந்துப் பெண்ணுக்கு வாரிசாக வந்த பங்கு, அதே 1956 சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, அவருடைய முழுச் சொத்து. 'நீ இருக்கிற வரைக்கும் அனுபவிச்சுக்கோ, விற்கவோ எழுதிவைக்கவோ உரிமை இல்லை' என்று யாராவது சொன்னால், கணவர் உயிலிலேயே அப்படி எழுதிவைத்திருந்தால் தவிர, அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பல குடும்பங்கள் கவனிப்பதே இல்லை. இந்துக் குடும்பங்களில் மகன் உயில் எழுதாமல் இறந்துபோனால், அவருடைய மனைவி பிள்ளைகளோடு சேர்ந்து அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயர் விட்டுப்போனால், பிறகு பங்கு கேட்பது கோர்ட்டு வரை இழுத்துவிடும். விண்ணப்பம் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பங்கு இருக்கிறது. அது எப்படிப் போகிறது? காரியம் முடிந்த சூட்டோடு சூடாக, 'பட்டா மாற்றணும், லோன் போடணும், நாலு பேர் பெயர் இருந்தால் சிக்கல்' என்று சொல்லி அம்மாவிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிவிடுவார்கள். அதில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தோடு அந்த வீட்டில் அவருடைய பங்கு முடிந்தது, அதன்பிறகு அவர் அங்கே இருப்பது பிள்ளைகளின் நல்ல மனசைப் பொறுத்தது. பட்டாவுக்காக இதைச் செய்யவே வேண்டியதில்லை, எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம். துக்க வீட்டில் வைத்துச் சொத்துக் காகிதம் எதிலும் கையெழுத்து வாங்குவது சரியில்லை என்பது என் கருத்து. ஒரு வருடம் போகட்டுமே, வீடு எங்கேயும் ஓடிவிடாது.

வீடு அம்மா பெயரிலேயே இருந்தால் கேட்கப்படுவது செட்டில்மெண்ட், அதாவது தான பத்திரம். உயிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அம்மாவிடம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. உயில் அவர் இறந்த பிறகுதான் பலனுக்கு வரும், அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், ரத்து செய்யலாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம் வேண்டும், பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. செட்டில்மெண்ட் அப்படியல்ல, பதிவானதும் சொத்து கை மாறிவிடுகிறது. பத்திரம் எழுதுகிறவர்களிடம் இதற்கென்று ஒரு பழைய வாசகம் தயாராக இருக்கும். 'உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும் இச்சொத்தை உனக்குத் தான செட்டில்மெண்ட் செய்து கொடுத்து, இன்றே சுவாதீனம் ஒப்படைத்து' என்று தொடங்கி, 'எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை' என்று முடியும். பாசத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிற பத்திரத்தில், அம்மா நாளைக்கு எங்கே படுப்பார் என்று ஒரு வரி இருக்காது.

இங்கேதான் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வருகிறது. அறுபது வயது ஆன ஒருவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகவே கருதப்படும், எழுதிக்கொடுத்தவர் கேட்டால் இந்தச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது பொருந்தும்.

சண்டை எல்லாம் அந்த 'நிபந்தனையோடு' என்ற சொல்லில்தான். நிபந்தனை இருந்தது என்று காட்டியாக வேண்டும், வெறுமனே எழுதிக்கொடுத்தது போதாது என்று சுப்ரீம் கோர்ட் 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் அதே கோர்ட், இது முதியவர்களுக்கு உதவ வந்த சட்டம், அதைத் தாராளமாகத்தான் படிக்க வேண்டும், தேவைப்பட்டால் தீர்ப்பாயம் பிள்ளைகளை வெளியேற்றி வீட்டைத் திரும்ப ஒப்படைக்கவும் உத்தரவிடலாம் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் இன்னும் ஒரு படி மேலே போய், அன்பினால் எழுதிக்கொடுத்தார் என்பதிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வழக்கு வரும்போது எதிர்த் தரப்பு 2022 தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வரும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்பே இரண்டு வரி சேர்த்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை.

அந்த இரண்டு வரி இப்படி இருக்கலாம்: 'மேற்படி வீட்டில் என் ஆயுள் உள்ளவரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை எனக்கே வைத்துக்கொள்கிறேன். என் உணவு, உடை, மருத்துவம் முதலான அடிப்படைத் தேவைகளை நீ கவனித்து வரவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இச்சொத்தை எழுதிக்கொடுக்கிறேன், தவறினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி இது ரத்து செய்யத்தக்கது.' பத்திரம் எழுதுபவர் 'இதெல்லாம் போட்டால் பேங்கில் லோன் கிடைக்காதும்மா' என்று முணுமுணுக்கலாம். கிடைக்காமல் போகலாம்தான். அம்மா குடியிருக்கும் வீட்டை அவர் இருக்கும்போதே அடமானம் வைக்கும் திட்டம் இருந்தது என்பதாவது அப்போது தெரிந்துவிடும். ரத்து செய்ய உரிமை இல்லை என்ற பழைய வரியை எடுக்கச் சொல்லவும் மறக்காதீர்கள், இரண்டும் ஒரே பத்திரத்தில் இருந்தால் குழப்பம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு, இப்போது வீட்டில் நிம்மதியில்லை என்றால், தமிழ்நாட்டில் போக வேண்டிய இடம் ஆர்டிஓ ஆபீஸ். வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சப் கலெக்டர்தான் தீர்ப்பாயம். மனுவில் யார் யார் பிள்ளைகள், அவர்கள் முகவரி, என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று எழுதி, செட்டில்மெண்ட் நகல், வில்லங்கச் சான்று, ஆதார், வயதுக்கான ஆதாரம், மருத்துவச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் வைக்க வேண்டும். 'என் மகன் என்னைப் பார்ப்பதில்லை' என்று மட்டும் எழுதினால் சமாதானம் பேசி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். எந்த மாதத்திலிருந்து சாப்பாடு தரவில்லை, எப்போது அறையைப் பூட்டினார்கள், எந்த ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். கடைசியில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கிறீர்களா, மாதப் பணம் கேட்கிறீர்களா, இரண்டுமா என்பது தெளிவாக இருக்கட்டும். அவரால் போக முடியாவிட்டால் அவர் அனுமதித்த இன்னொருவரோ ஓர் அமைப்போ மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இந்தச் சட்டத்தில் பராமரிப்பு என்றால் சாப்பாடு, துணி, மருத்துவத்தோடு தங்க இடமும் சேர்த்திதான். மாதத் தொகை அதிகபட்சம் 10,000 ரூபாய். மகன் மட்டுமல்ல, மகளும் வயதுக்கு வந்த பேரன் பேத்திகளும் பொறுப்பு. பிள்ளை இல்லாதவர் என்றால் அவருடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது பிறகு அடையப்போகும் உறவினர் பொறுப்பு. பராமரிப்பு மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சிப்போனால் இன்னும் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது. முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு.

வீடு அம்மா பெயரில் இல்லவே இல்லை, எழுதிக்கொடுக்கவும் இல்லை, ஆனால் வெளியே போகச் சொல்கிறார்கள் என்றால்? அதற்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இது கணவரிடம் அடி வாங்கும் இளம் பெண்களுக்கான சட்டம் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். மகனிடம் இருந்து அம்மாவுக்கும், கணவருடைய அண்ணன் தம்பிகளிடம் இருந்து விதவைக்கும் இது பொருந்தும். 2016-இல் சுப்ரீம் கோர்ட் 'வயது வந்த ஆண்' என்ற சொற்களை அந்தச் சட்டத்திலிருந்து நீக்கிய பிறகு மருமகள்மேலும் புகார் கொடுக்கலாம். பகிர்ந்து வாழ்ந்த வீட்டில், அதில் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடியிருக்க உரிமை உண்டு, வெளியேற்றக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். இது மறுபக்கமும் வெட்டும்: மருமகளுக்கும் இதே உரிமை இருப்பதால், அவரை வெளியே அனுப்புவதற்காக முதியோர் சட்டத்தைக் கருவியாக்க முடியாது, இரண்டு சட்டத்தையும் சேர்த்துவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

சொந்த வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை என்பவர்களுக்கு ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்ற எதிர் அடமானக் கடன் இருக்கிறது. வீட்டை வங்கியிடம் அடமானமாக வைத்து மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருக்கலாம், அந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை, கடனைக் கட்டுவது அவர் காலத்துக்குப் பிறகுதான். வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வங்கி விற்கும். நம் ஊரில் இதை எடுத்தவர்கள் குறைவு, வங்கிகளும் ஆர்வம் காட்டுவதில்லை. ஆனால் எடுப்பதாக இருந்தால் ஒன்று: கணவர் மட்டும் கடன் வாங்கி, மனைவி பெயர் அதில் இல்லாவிட்டால், அவர் போன பிறகு மனைவி அங்கே இருப்பது கேள்விக்குறி. கூட்டாக எடுத்தால் இருவரில் கடைசியாக இருப்பவர் காலம்வரை வீட்டில் இருக்கலாம். அதற்கு மனைவிக்கு 55 வயதாவது ஆகியிருக்க வேண்டும். மகள் வீட்டில் போய்த் தொடர்ந்து ஒரு வருடம் தங்கிவிட்டாலும் கடனைத் திருப்பக் கேட்கலாம்.

இனி இடம் மாறுவது. வசதியில்லாத முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி அமைக்கலாம் என்று 2007 சட்டமே சொல்கிறது. அமைக்க 'வேண்டும்' என்று சொல்லாததால் அது அரசின் விருப்பமாகவே நின்றுவிட்டது. மத்திய அரசின் உதவித்தொகையில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவச இல்லங்கள் இருக்கின்றன. அந்தத் திட்டத்தில் மூதாட்டிகள் 50 பேர் தங்கும், பெண்களுக்கு மட்டுமான இல்லம் என்று தனி வகையே உண்டு. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் எங்கே இடம் இருக்கிறது என்று சொல்வார்கள். காசு கட்டிச் சேரும் இல்லமோ, கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய வந்திருக்கிற மூத்தோர் குடியிருப்போ என்றால், நடைப்பாதையும் பூஜை அறையும் காட்டுவார்கள், நீங்கள் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கிறதா, ஒருவர் போன பிறகு மற்றவர் அதே அறையில் அதே கட்டணத்தில் இருக்கலாமா, படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, கூட்டிப்போகச் சொல்வார்களா, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், பிடித்தம் எவ்வளவு, இவைதான் கேள்விகள். விலைக்கு வாங்குவதாக இருந்தால், கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அரசு அமைப்பான ரேராவின் பதிவு எண்ணையும் பாருங்கள்.

வீடே இல்லாத, குடிசையில் இருக்கும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது, அது கிராமப்புறத்துக்கு. நகரத்தில் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் விதவைகளுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் முன்னுரிமை உண்டு.

இதில் எதற்கும் முதலில் யாரையாவது கேட்க வேண்டும் என்றால், முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. அடி, மிரட்டல், வீட்டைவிட்டுத் துரத்துவது என்றால் மகளிர் உதவி எண் 181, இரவு பகல் எப்போதும். வழக்கு வரை போவதாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், வக்கீல் இலவசம். அதற்கான எண் 15100.