தட்டணு குறைகிறது, ரத்தமோ உறைகிறது

ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் எல்லோரும் அஞ்சுவது ரத்தக்கசிவுக்குத்தான். ரத்தவியல் மருத்துவரான என்னை அதைவிடக் கலங்கச் செய்வது இன்னொரு நிலை: தட்டணு குறையக் குறைய, ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டிகளாவது.

இதற்கு முக்கியமான காரணம், உறைவதைத் தடுக்கத் தரும் ஹெப்பாரின் என்ற மருந்தேதான்; அதனால் வரும் இந்தப் பாதிப்பை ‘ஹெச்ஐடி’ (HIT) என்கிறோம். தட்டணுக்கள் வெளியிடும் பிஎஃப்4 என்ற புரதத்தோடு ஹெப்பாரின் ஒட்டிக்கொள்ளும். சிலருடைய உடல் அந்தச் சேர்க்கையை அந்நியப் பொருளாகக் கருதி ஆன்டிபாடிகளை உருவாக்கிவிடுகிறது. ஆன்டிபாடியின் இரு கைகளும் அந்தச் சேர்க்கையைப் பற்றிக்கொள்ள, வால் பகுதி தட்டணுவின் மேலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. உடனே தட்டணு தூண்டப்பட்டு மேலும் பிஎஃப்4-ஐக் கொட்டுகிறது; அது அடுத்தடுத்த தட்டணுக்களையும் இழுத்துவிடுகிறது. உறைகட்டிகளில் செலவாகிப்போவதாலும் எண்ணிக்கை சரிகிறது. ஆன்டிபாடி இருப்பவர்கள் அனைவருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன் 2,80,000 இருந்த தட்டணு, ஏழாம் நாள் 1,20,000 என்று வருகிறது. ‘சற்றுக் குறைவு’ என்று எண்ணி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவது எளிது. ஆனால் பாதிக்கும் மேல் போய்விட்டது! ஹெப்பாரின் தொடங்கிய 5 முதல் 10 நாட்களுக்குள் இப்படிச் சரிந்தால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். அதோடு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காத்திருக்க நேரமில்லை. சமீபத்தில் ஏற்கெனவே ஹெப்பாரின் பெற்றவர்களுக்கு, அதை மீண்டும் தொடங்கிய ஒரே நாளில்கூட இது வரலாம்.

ஹெப்பாரினை முழுவதுமாக நிறுத்த வேண்டும். ஊசிக்குழாய் அடைபடாமலிருக்கச் செலுத்தும் சில மில்லிலிட்டரும் இதில் அடங்கும். பலரும் மறப்பது இதைத்தான். நிறுத்தினால் மட்டும் போதாது, ஆர்கட்ரோபான் போன்ற வேறு உறைவுத் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். தட்டணு மீளும் முன் வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரையைக் கொடுத்தால் கை, கால் அழுகும் அபாயம் உண்டு. கடும் ரத்தக்கசிவு இல்லாதவருக்குத் தட்டணு ஏற்றுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போலாகலாம்.

2021-ல் சில கோவிட் தடுப்பூசிகளுக்குப் பிறகு மிக அரிதாகக் காணப்பட்ட மூளைச் சிரை உறைவிலும் பிஎஃப்4-க்கு எதிரான ஆன்டிபாடிகளே இருந்தன, ஹெப்பாரின் இல்லாமலேயே.

ஒருமுறை இந்தப் பாதிப்பு வந்திருந்தால், மருத்துவ அட்டையில் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டயாலிசிஸுக்கோ இதய அறுவை சிகிச்சைக்கோ செல்லும்போது கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். இரண்டிலும் ஹெப்பாரின் வழக்கமாகப் பயன்படுகிறது.