குளிப்பாட்டும் முன் சீப்பை எடுங்கள்

காதுக்குப் பின்னால் இரண்டு விரற்கடை அளவுக்குத் தோல் பிளந்த நிலையில், ஒரு ஷிட்சூ நாயைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். குளித்து உலர்ந்ததும் கெட்டிப்பட்டுப் போன சடையைக் கத்தரிக்கோலால் எடுக்க முயன்றபோது நாய் வீறிட்டிருக்கிறது. கையில் ரத்தம் பட்ட பிறகுதான் முடியோடு தோலும் சேர்ந்து வெட்டுப்பட்டது தெரிந்திருக்கிறது. நான்கு தையல்கள் போட வேண்டியிருந்தது. அந்த நாயின் மீது உயிரையே வைத்திருக்கும் குடும்பம் அது. கால்நடை மருத்துவராக இதே காயத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலில் குளியல், பிறகு சீப்பு என்று வேலையின் வரிசை மாறியிருப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கிறது.

உதிரும் முடி உடலை விட்டு முழுவதும் விழுந்துவிடுவதில்லை. காதுக்குப் பின்புறம், கழுத்துப்பட்டையின் அடி, முன்னங்கால் இடுக்கு, தொடையின் உட்பக்கம் என உரசல் உள்ள இடங்களில் அது மற்ற முடியோடு பின்னிச் சிக்காகிறது. அந்தச் சிக்கில் நீர் பட்டு உலரும்போது முடிச்சு இன்னும் இறுகி, அடியில் உள்ள தோலையும் தன்னோடு மேலே இழுத்துக்கொள்கிறது. நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. பெரும்பாலான இடங்களில் மூன்று முதல் ஐந்து செல் அடுக்குகளே இருக்கும். சடைக்குள் ஏறி நிற்கும் அந்தத் தோல் வெளியே தெரியாது என்பதால் கத்தரி அதையும் சேர்த்தே வெட்டிவிடுகிறது.

ஆகவே உலர்ந்த முடியில்தான் சிக்கெடுக்க வேண்டும். சடையின் அடிப்பகுதியை ஒரு கையின் விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டால், இழுப்பின் வலி தோலுக்குப் போகாது. பிறகு நுனியிலிருந்து தொடங்கி, விரலாலும் அகன்ற பற்களுள்ள சீப்பாலும் சிறிது சிறிதாகப் பிரித்து வேருக்கு வர வேண்டும். பிரஷ் மேல்முடியை மட்டும் நீவிவிட்டு, அடியில் சிக்கே இல்லை என்ற தோற்றத்தைத் தந்துவிடும். உலோகச் சீப்பு வேரிலிருந்து நுனிவரை எங்கும் மாட்டாமல் ஓடினால்தான் வேலை முடிந்தது என்று பொருள். தோலோடு ஒட்டிப்போன சடையை வீட்டில் வெட்ட முயலாமல், முடி மழிக்கும் கிளிப்பர் வைத்திருக்கும் அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

சீப்பு ஓடும்போது மறு கையும் உடன் ஓட வேண்டும். என்னைப் பொறுத்தவரை பராமரிப்பின் பெரும்பயன் இதுதான். கருத்தடை செய்யப்படாத வயதான பெண் நாய் ஒன்றின் அடிவயிற்றில் பட்டாணி அளவுக் கட்டி ஒன்றை அதன் உரிமையாளர் சீவும்போது விரலால் உணர்ந்து, மறுநாளே அழைத்து வந்தார். அந்த அளவிலேயே அதை அகற்றிவிட முடிந்தது. உண்ணிகளையும் கண்ணைவிட விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். விரலிடுக்கு, காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி ஆகிய மூன்று இடங்களைத் தவறவிடாதீர்கள். எர்லிக்கியா, பேபீசியா போன்ற ரத்த நோய்களை உண்ணிகளே பரப்புகின்றன. உண்ணியைத் தீயால் சுடுவதோ அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதோ கூடாது. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்தால் வந்துவிடும்.

குளியலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோல் நோய் இல்லாத நாய்க்கு மாதம் ஒரு முறை பெரும்பாலும் போதுமானது. மனிதத் தோலைவிட நாயின் தோலில் அமிலத்தன்மை குறைவு என்பதால், நமக்கான ஷாம்பூவைத் தொடர்ந்து பயன்படுத்தினால் தோல் வறண்டு அரிப்பெடுக்கும். மருத்துவர் தந்த ஷாம்பூவாக இருந்தால் நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்ட பின்பே கழுவுங்கள். அடர்ந்த முடியின் அடியில் ஈரம் தங்கினால் ஓரிரு நாளில் தோல் சிவந்து நீர் கசியும் புண்ணாகக்கூடும். ஆகவே அடிமுடிவரை துவட்டியாக வேண்டும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் மட்டும் வைத்து, காற்று உங்கள் கையில் பட்டுக்கொண்டே இருக்கும்படி பிடியுங்கள். பக் போன்ற தட்டை முக நாய்கள் சூட்டைத் தாங்காமல் மூச்சுத் திணறும்.

காதில் பஞ்சுக் குச்சியை விடவே விடாதீர்கள். நாயின் காதுக் குழாய் கீழே இறங்கிப் பின் உள்நோக்கி வளைவதால், குச்சி அழுக்கை வளைவுக்குள் தள்ளி அடைத்துவிடும். நகத்தின் உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்திலோ ஒன்றிரண்டு மில்லிமீட்டராக நறுக்கி, வெட்டுமுகத்தின் நடுவில் கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்த வேண்டும். தவறி ரத்தம் வந்தால் சோள மாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முன்னங்காலின் உட்புறத்தில் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் தேயாது. அதை மறந்துவிட்டால் வளைந்து சதைக்குள்ளேயே ஏறிவிடும்.

கோடை வந்ததும் பொமரேனியனையும் ஹஸ்கியையும் மழித்துவிடச் சொல்லிப் பலர் வருகிறார்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள், ஆனால் நான் மறுத்துவிடுகிறேன். நாய் வெப்பத்தை முதன்மையாக மூச்சிரைப்பதன் வழியாகவே வெளியேற்றுகிறது. இரட்டை அடுக்கு முடி, வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. மழித்த பிறகு சில நாய்களுக்கு முடி பழையபடி வளர்வதும் இல்லை. உதிர்ந்து தங்கிய அடிமுடியைச் சீவி எடுத்தால் காற்றோட்டம் தானே கிடைத்துவிடும்.

நாய் உதட்டை நக்குவதும், பசி தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவதும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பதும் அச்சத்தின் அடையாளங்கள். உறுமல் அதற்குப் பிறகுதான் வரும். இருவர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து வேலையை முடித்தால், அடுத்த முறை கத்தரியைக் கண்டதுமே அது கட்டிலுக்கு அடியில் ஒளியும். குட்டிப் பருவத்திலேயே பாதத்தையும் காதையும் தினமும் சில நொடிகள் தொட்டுப் பழக்கி, உடனே ஒரு தின்பண்டம் கொடுங்கள். வளர்ந்த நாய் அஞ்சினால் இன்றைக்கு இரண்டு நகங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி நகங்களை நாளைக்கு வெட்டலாம்.