வல்லூறுக் குஞ்சு கீழே விழுந்தால்

சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு அட்டைப்பெட்டிகளில் வந்து சேரும் 'பருந்துக் குஞ்சு'களில் பெரும்பாலானவை உண்மையில் வல்லூறுகள். வைரி என்றும் வழங்கப்படும் இப்பறவையின் குஞ்சுகளில் பலவற்றுக்கு எந்தக் காயமும் இருப்பதில்லை. எடுத்து வராமல் மரத்தடியிலேயே விட்டிருந்தால் தாய்ப்பறவையே கவனித்திருக்கும்.

வல்லூறு ஏறத்தாழ மாடப்புறாவின் அளவுடையது. வளர்ந்த ஆணின் முதுகு நீலம் கலந்த சாம்பல் நிறமாகவும், வெண்மையான மார்பு முழுவதும் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகளாகவும், கண் சிவப்பாகவும் இருக்கும். பெண் சற்றுப் பெரியது. அதன் கண் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். இளம்பறவையோ பழுப்பு நிறமுடையது; அதன் மார்புக் கோடுகள் நெடுக்காக இறங்கும். அக்காக்குயிலையும் வல்லூறு என்று எண்ணிக் கொண்டு வருவார்கள். தவிட்டுக்குருவிகளே அதன் உருவைக் கண்டு கலையும்போது மனிதர் ஏமாறுவதில் வியப்பில்லை. காலைப் பார்த்தால் ஐயம் தீரும்: குயிலுக்கு இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னும் இருக்கும், வல்லூறுக்கு மூன்று முன்னும் ஒன்று பின்னுமாக, வளைந்த கூர்நகங்களுடன் இருக்கும்.

அடர்ந்த கிளையில் அசையாமல் அமர்ந்து, ஓணானோ அணிலோ எலியோ கண்ணில் பட்டதும் தாழப் பறந்து சென்று பற்றுவது இதன் வழக்கம். குட்டையான இறக்கையும் நீண்ட வாலும் கிளைகளுக்கிடையே சட்டென்று திரும்ப உதவுகின்றன. எப்போதாவது கோழிக்குஞ்சையும் தூக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது பிடிக்கும் எலிகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

மார்ச் முதல் ஜூன் வரை மா, வேம்பு போன்ற மரங்களின் உயரமான கவட்டில் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, காகத்தின் கூட்டைப் போலச் சுள்ளிகளால் கூடு கட்டுகின்றன. சுள்ளியைக் காலில் பற்றித் தூக்கி வரும் காட்சியை நகரத்து மாடிகளிலிருந்தும் காணலாம். பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டைகள். நன்றாகப் பறக்கக் கற்கும் முன்பே குஞ்சுகள் கூட்டைவிட்டுக் கிளைகளில் தாவத் தொடங்குவதால், சில தரைக்கு வந்துவிடுகின்றன. கண் தெளிவாக இருந்து, இரு இறக்கைகளும் சமமாக மடங்கியிருந்தால், காகமும் நாயும் எட்டாதபடி அதே மரத்தின் கிளையில் வைத்துவிட்டு விலகிச் சென்றுவிடுங்கள். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. ஆனால் நீங்கள் அங்கேயே நின்றால் அது இறங்கி வராது.

இறக்கை தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ, தலை மூடும்படி ஒரு துணியைப் போர்த்தி, கால்களில் கவனம் வைத்துத் தூக்குங்கள். காயம் உண்டாக்குவது அலகைவிட நகமே. காற்றுத் துளையிட்ட பெட்டியில் இருட்டாக வைத்தால் பறவை அமைதியடையும். தண்ணீரை வாயில் ஊற்றவே கூடாது: மூச்சுக்குழாயின் திறப்பு நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால் நீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் சோறும் இதற்கு உணவல்ல. எலும்பில்லாத கோழிக்கறியை மட்டும் நாள்கணக்கில் கொடுத்து, சுண்ணாம்புச்சத்துக் குறைவால் கால் வளைந்த நிலையில் கொண்டுவரப்படும் குஞ்சுகளை மீண்டும் பறக்க வைப்பது மிகக் கடினம். 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வல்லூறை வீட்டில் வளர்ப்பது குற்றம் என்பதால், அன்றே வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். கிளை வெட்டும் வேலையை ஆடிக்குத் தள்ளிப்போட முடிந்தால், பெட்டியில் வரும் குஞ்சுகளின் எண்ணிக்கையே குறையும்.