இலையில ஓட்டை போட்டு ஸ்பீக்கர் கட்டுற பூச்சி

எங்க மாமா பெங்களூரு அல்சூர்ல முப்பது வருஷம் மைக் செட் கடை வெச்சிருந்தவரு. போன மாசம் சிக்கபள்ளாப்பூர் பக்கம் தெரிஞ்சவங்க தோட்டத்துல தங்கினோம், ராத்திரி சாப்ட்டு முடிச்சு ரெண்டு பேரும் மண் ரோட்டுல காலாற நடந்தோம். கரண்ட் இல்ல, ஆள் இல்ல, ஆனா ரொம்ப தள்ளி இருக்கற ஹைதராபாத் ரோட்டு லாரி ஹாரன் பக்கத்துல அடிக்கற மாதிரி கேக்குது. பகல்ல இதே இடத்துல ஒண்ணும் கேக்கல.

விஷயம் இதான். சூடான காத்துல சத்தம் வேகமா போகும், ஒரு டிகிரிக்கு செகண்டுக்கு 0.6 மீட்டர் கூடும். பகல்ல தரையோரம் சூடு ஜாஸ்தி, அதனால அலையோட அடிப்பக்கம் முந்திக்கிட்டு ஓட, மொத்தமும் மேல வளைஞ்சு வானத்துக்கு போயிடும். ராத்திரி தரை ஆறிடும், மேல இருக்கற காத்துதான் சூடு, சத்தம் கீழ வளைஞ்சு நம்ம காதுக்கே வருது.

ஹாரன் நின்னதும் ஒரு பூச்சி சத்தம். க்ரீ... க்ரீ...ன்னு சுத்தமான விசில் மாதிரி. டார்ச் அடிச்சு தேடுறோம், இடது பக்கம்னு போனா வலதுல கேக்குது. சத்தம் ரெண்டு காதுக்கும் வந்து சேர்ற நேர வித்தியாசத்த முக்கியமா வெச்சு மூளை திசைய கண்டுபிடிக்கும். ஆனா இந்த பூச்சி பாடுறது சுமார் 3 கிலோஹெர்ட்ஸ்ல (செகண்டுக்கு மூவாயிரம் அதிர்வு), அலை நீளம் 11 செ.மீ., நம்ம தலை அகலத்த விட கம்மி. எல்லா அலையும் ஒரே மாதிரி இருக்கறதால இந்த காதுல வந்த அலைக்கு அந்த காதுல எது ஜோடின்னு மூளைக்கு புரியாது.

கடைசில துளசி மாதிரி வாசமடிக்கிற ஒரு களைச்செடில பார்த்தோம். சுவர்க்கோழி வகைதான், ஆனா வெளிறின பச்சை, ஒல்லி. இலை நடுவுல ஒரு ஓட்டை, அதுல தலைய நுழைச்சு ரெக்கை ரெண்டையும் தூக்கி இலையோட ஒட்டி வெச்சிருக்கு. ஒரு ரெக்கைல சீப்பு பல்லு மாதிரி வரிசை, இன்னொரு ரெக்கையோட ஓரம் அத சுரண்டுது, அதான் பாட்டு. ஆண் மட்டும்தான் பாடும்.

"மாமா, எதுக்கு ஓட்டை?"

"டேய் மாப்ள, பெட்டி இல்லாத ஸ்பீக்கர கைல புடிச்சு பாட விட்டிருக்கியா? சவசவன்னு இருக்கும்ல?"

அதேதான்! ரெக்கை முன்னாடி காத்த தள்ளும்போது பின்னாடி இழுக்குது. ரெக்கை அலை நீளத்த விட ரொம்ப சின்னது, அதனால முன்பக்க சத்தமும் பின்பக்க சத்தமும் ஓரத்துல சுத்தி வந்து ஒண்ண ஒண்ணு அடிச்சு காலி பண்ணிடும். நடுவுல இலை வந்துட்டா அந்த வழி அடைபட்டுடுது. ஸ்பீக்கர் ஆளுங்க பாஷைல பேஃபிள்.

இத 1975ல தென்னாப்பிரிக்கால முதல்ல பார்த்து எழுதினாங்க. நம்ம ஊர் பூச்சிய (அறிவியல் பேரு ஈகாந்தஸ் ஹென்ரி) ஆராஞ்சது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல, அதாவது ஐ.ஐ.எஸ்.சி.ல, ரோகிணி பாலகிருஷ்ணன் குழு (ஆட்டோக்காரர்கிட்ட டாடா இன்ஸ்டிட்யூட்னு சொன்னாதான் தெரியும்). இருக்கறதுல பெரிய இலையா எடுத்து, நடுவுல, ரெக்கை சைஸுக்கு ஓட்டை போடுதாம், யாரும் சொல்லித்தராமலே. அதுலயும் உடம்பு சின்னதா, குரல் கம்மியா இருக்கற ஆணுங்கதான் இத அதிகமா செய்யுது, ஏன்னா பெண் பூச்சி சத்தமான பாட்டுக்குதான் போகும், இந்த தந்திரத்தால சின்னவன் குரலும் பெரியவன் அளவுக்கு வந்துடுது. எனக்கு இது ஏமாத்து வேலைன்னு தோணல. மாமாவுக்கு தோணிச்சு.

வீட்டுல பழைய ரேடியோ ஸ்பீக்கர் இருந்தா அத வெளிய எடுத்து பாட்டு போடுங்க, அப்புறம் பெரிய அட்டைல அதே சைஸுக்கு ஓட்டை வெட்டி ஒட்டி வெச்சு போடுங்க. மாமா பிரியாணி பார்சல் வந்த அட்டைல செஞ்சு காட்டினாரு, தவில் சத்தம் அப்பதான் வெளிய வந்துச்சு.