தண்ணீர்த் தொட்டியும் டெங்குவும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையைவிட, வீட்டார் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரையே விரும்பித் தேடி வருகிறது. சிமெண்ட் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அது ஒட்டிவைக்கும் முட்டைகள் பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும் சாவதில்லை. மீண்டும் தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்து, வெப்பமான ஊர்களில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடுகின்றன. ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. வாரந்தோறும் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எல்லா வீடுகளுக்குள்ளும் வாரந்தோறும் நுழைந்து இதைச் செய்யும் அளவுக்கு எந்த மாநகராட்சியிடமும் ஆள் கிடையாது. தெருவில் அடிக்கும் புகை மருந்தோ பறக்கும் கொசுவைக் கொல்லுமே தவிர, தொட்டியில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. (ஏதோ நடவடிக்கை எடுக்கிறார்கள் என்ற நிம்மதியை அது தருகிறது என்பது வேறு விஷயம்.)

ஒரு வீட்டார் மட்டும் ஒழுங்காகக் கழுவினாலும் பயன் குறைவுதான். இந்தக் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிவதால், அடுத்த வீட்டு டிரம்மில் பிறந்தது இந்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். எனவே தெருவே சேர்ந்து செய்தால்தான் நோய் குறையும்.

அதைச் சோதித்துப் பார்த்தது, நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவிலும் மெக்சிகோவின் கெரெரோ மாநிலக் கடலோரத்திலும் நடந்து 2015-இல் முடிவுகள் வெளியான 'கமினோ வெர்தே' ஆய்வு. 150 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 75 பகுதிகளில் மட்டும் மக்களைத் திரட்டினார்கள். அரசின் வழக்கமான கொசு ஒழிப்பு வேலை இரு தரப்பிலும் தொடர்ந்தது. அந்தந்தப் பகுதியில் எடுத்த கணக்கெடுப்பின் முடிவுகளைக் குடியிருப்போர் முன் வைத்துப் பேசிய பிறகு, உள்ளூர்த் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று, வீட்டாரின் தொட்டியிலேயே கிடந்த புழுவை அவர்களுக்குக் காட்டினார்கள். என்ன செய்வது என்பதை ஒவ்வொரு பகுதியும் தானே தீர்மானித்தது. கெரெரோவில் தொட்டிகளில் மீன் விட்டார்கள். சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் சாதிக்காததை இந்த முறை சாதித்ததற்கு, புழு தங்கள் வீட்டிலேயே இருப்பதைக் கண்ணால் கண்டதும், முடிவு தங்களுடையதாக இருந்ததுமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பலனை அளக்க, டெங்கு பருவத்துக்கு முன்னும் பின்னும் 3 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளின் உமிழ்நீரில், டெங்கு தொற்றினால் உடலில் உருவாகும் எதிர்பொருளைச் சோதித்தார்கள். மக்கள் திரண்ட பகுதிகளில் புதிய தொற்று 29.5 விழுக்காடு குறைவாக இருந்தது.

இருந்தாலும், குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் மக்கள் டிரம்மில் பிடித்து வைப்பதற்குக் காரணம் அறியாமை அல்ல. அங்கே புழு கண்ட வீட்டுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரி, அந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடப்படுகிறது என்பதையும் அதே பதிவேட்டில் எழுத வேண்டும்.