கல்லுக்கு அடியில் யாரும் இல்லாத ஓடை

மார்ச் முதல் கோடை வரை எனக்குக் குனிந்தபடியே வேலை. அமெரிக்காவின் கிழக்கு கென்டக்கியில், அப்பலாச்சிய மலைகளில், ஓடையில் 10 மீட்டர் அளந்துகொண்டு, ஒவ்வொரு கல்லாகப் புரட்டி சாலமாண்டர்களை எண்ணுகிறோம். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். மலைக்காரர்களும் ‘ஊற்றுப் பல்லி’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது தவளைக்குத்தான் உறவு. தமிழ்நாட்டில் இந்த வகையே கிடையாது. இந்தியாவில் இதன் உறவைப் பார்க்க டார்ஜிலிங் பக்கம் போக வேண்டும்.

இங்குள்ள ஓடைச் சாலமாண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நுரையீரல் இல்லை. வளர்ந்தவை ஈரத் தோலாலும் வாயின் உட்சவ்வாலும் மூச்சு விடுகின்றன. மீன் ஏறாத இந்தச் சின்ன ஓடைகளில் வேட்டையாடும் பெரிய உயிர் இவைதான்.

நிலக்கரிக்காக மலையுச்சியை வெடிவைத்துத் தகர்த்து, உடைந்த பாறையைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறார்கள். அதற்கு அடியில் போன ஓடை போனதுதான். நான் சொல்ல வந்தது, அந்தக் குவியலுக்குக் கீழே மறுபடி வெளிவரும் தண்ணீரைப் பற்றி. கண்ணாடி போல இருக்கும். குடிக்கலாம் போலத் தோன்றும். ஆனால் உடைந்த பாறை வழியே கசியும்போது சல்பேட், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அதில் கரைந்துவிடுகின்றன. கரைந்த உப்பு கூடக் கூடத் தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தும்; அதை அளக்கும் மின்கடத்துதிறன் மீட்டரை நனைத்தால் போதும். காட்டோடையில் 100 மைக்ரோசீமென்ஸுக்குள் நிற்கும் எண், இங்கே 1000-ஐத் தாண்டுவதுண்டு. இப்பகுதி நீர்வாழ் உயிர்களுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-இல் சொன்ன வரம்பு 300.

காட்டோடையில் கல்லைத் தூக்கினால் ஏதோ ஒன்று நழுவி ஓடும். இங்கே அடுத்தடுத்துப் புரட்டினாலும் வெறும் மணல். அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிகக் குறைவு. ஒரு நாள் பார்த்துவிட்டு இப்படிச் சொல்லவும் முடியாது. மழை, குளிர், வெள்ளம், எல்லாமே அவற்றை ஒளித்துவிடும். அதனால்தான் ஒரே இடத்துக்குப் பருவந்தோறும் திரும்பத் திரும்பப் போகிறோம். இரட்டைக்கோட்டுச் சாலமாண்டரின் குஞ்சு ஓராண்டுக்கு மேலும், ஊற்றுச் சாலமாண்டரின் குஞ்சு பல ஆண்டுகளும் தண்ணீரிலேயே வளர வேண்டும். அதுவரை கரையேறித் தப்பிக்க வழியில்லை.

சுரங்க நிலத்தைச் சீரமைக்க வேண்டும் என்று 1977-லேயே சட்டம் வந்துவிட்டது. மேலே புல் முளைத்துப் பச்சையாகிவிடுகிறது. கீழே தண்ணீரில் உப்பு பல ஆண்டுகளுக்கு அப்படியே வந்துகொண்டிருக்கிறது. மேலே இருக்கும் பச்சையைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் பக்கம் மலையேற வந்தால், ஓடைக் கல்லை எடுத்து அடுக்கி விளையாட வேண்டாம். கோடையில் மங்கல்நிறச் சாலமாண்டர் தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் இருக்கும். தெரியாமல் தூக்கிவிட்டால், கல்லை இருந்தபடியே மெதுவாக வைத்துவிடுங்கள்.